துப்பாக்கி லைசென்ஸ்: ஊருக்கு அனுமதி, சேரிக்கு வழக்கு

(வெண்ணந்தூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



கொஞ்ச நாளாக நம் இளைஞர்கள் மத்தியில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. 'கலெக்டர் ஆபீஸுக்குப் போயி துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு நூறு பேரு மனுப் போட்டா என்ன? குடுத்தா வாங்கிக்கலாம். குடுக்கலைன்னா ஏன் குடுக்கலைன்னு கேக்கலாம்' என்கிறார்கள். பெரியவர்கள் பதறுகிறார்கள். 'ஏஞ்சாமி, இருக்கிற கேஸு பத்தாதா' என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இதைச் சிரித்துத் தள்ளிவிட்டுப் போவதும், கைதட்டி உசுப்பேத்திவிடுவதும் ஒரு இயக்கத்துக்கு அழகல்ல. சட்டம் என்ன சொல்கிறது, வரலாறு என்ன சொல்கிறது, நாம் என்ன செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு பேங்க் கிளார்க். துப்பாக்கியை நான் வேலைநாள் தவறாமல் பார்க்கிறேன். கிளை வாசலில் முன்னாள் ராணுவத்துக்காரர் ஒருவர் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார். அந்தத் துப்பாக்கியைப் பார்த்து யாரும் கலவரப்படுவதில்லை. பணத்துக்குக் காவல் வேண்டும் என்பதை இந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சேரிக்கும் காவல் வேண்டும் என்று சொன்னால்தான் 'வன்முறையைத் தூண்டுகிறான்' என்கிறது.

நம் பக்கத்துக் கிராமங்களில் துப்பாக்கி என்றால் யார் வீட்டுத் துப்பாக்கி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பண்ணையம் பெரிசாக இருக்கிற வீட்டில், ஆசாரத்துச் சுவரில் மாட்டியிருக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸில் எழுதியிருக்கும். காட்டுப்பன்றி சுட்டிருக்கலாம், முயல் சுட்டிருக்கலாம். அது செய்த பெரிய வேலை அந்தச் சுவரில் தொங்கியதுதான். கூலி உசத்திக் கேட்கப் போனவன் அதைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேச்சை முழுங்கிக்கொண்டு வருவான். சுடாத துப்பாக்கிதான் கிராமத்தில் அதிகம் வேலை செய்திருக்கிறது.

சுட்ட துப்பாக்கியும் உண்டு. 1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் தெருவுக்குள் நிலவுடைமையாளர்களின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். குண்டடிபட்டு ஆண்கள் சிதறி ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களும் ஒரு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். 44 பேர் அதற்குள்ளேயே எரிந்துபோனார்கள். தீயைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தச் சனங்களைக் குடிசைக்குள் விரட்டியது துப்பாக்கி என்பதை அவ்வளவாகப் பேசவில்லை. நிலவுடைமையாளர்கள் 1973இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். கார் வைத்திருக்கிற கனவான்கள் தாமே நடந்து போய் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற தோரணையில் அந்தத் தீர்ப்பு இருந்தது.

பீகாரில் லட்சுமண்பூர் பாதே. 1997 டிசம்பர் 1 இரவு ரண்வீர் சேனா துப்பாக்கிகளோடு புகுந்து 58 பேரைக் கொன்றது. கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட 26 பேரையும் 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது.

'தமிழ்நாட்டில் நம்மை வெட்டுவது அருவாள்தானே, துப்பாக்கியைப் பற்றி எதுக்குப் பேச்சு' என்று கேட்கலாம். சரியான கேள்வி. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் பஸ்ஸை நிறுத்தி வெட்டியது அருவாள்தான். விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஆன பொருள்களை ஆயுதச் சட்டம் ஆயுதம் என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் துப்பாக்கிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அருவாளை யார் வேண்டுமானாலும் கொல்லன் பட்டறையில் அடித்துக்கொள்ளலாம். துப்பாக்கிக்கு அரசாங்கத்தின் கையெழுத்து வேண்டும். இன்னாருடைய உயிர், இன்னாருடைய சொத்து பாதுகாக்கப்பட வேண்டியது என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. அந்தச் சீட்டு யார் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால், சமூகத்தில் யாருடைய உயிருக்கு என்ன விலை என்பது தெரிந்துபோகும்.

கொஞ்சம் வரலாறு. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் கிளைவ் பிரபு (ராபர்ட் கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் போட்டு தெற்குச் சீமையின் ஆயுதங்களைப் பிடுங்கினான். 1857க்குப் பிறகு அந்தப் பயம் நாடு முழுக்கப் பரவியது. லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைக்கக் கூடாது. வெள்ளைக்காரனுக்கு விலக்கு. சில ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் விலக்கு. 'இந்தியனை நிராயுதபாணி ஆக்கிவிட்டான் வெள்ளைக்காரன்' என்று தேசியவாதிகள் புலம்பினார்கள். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாலேயே நிராயுதபாணியாக ஆக்கப்பட்டவர்கள் இங்கே இருந்தார்கள் என்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை. ஏகலைவன் தானாகக் கற்றுக்கொண்ட வில்லுக்கு என்ன கட்டணம் கட்டினான்? கட்டைவிரல். இந்த நாட்டின் முதல் லைசென்ஸ் கட்டணம் அதுதான். கட்டிய பிறகும் லைசென்ஸ் கிடைக்கவில்லை.

அதே வெள்ளைக்காரன்தான் தன் தேவைக்கு நம் ஆட்கள் கையில் துப்பாக்கி கொடுத்தான். சென்னைப் பட்டாளத்தில் பறையர்கள் இருந்தார்கள். பம்பாய்ப் பட்டாளத்தில் மகர்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1இல் கோரேகானில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்றவர்களில் அவர்கள் உண்டு. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பிறகு 'போர்ச் சாதி' என்று ஒரு கதை கட்டினான். 1890களில் மகர்களுக்கு ராணுவக் கதவு சாத்தப்பட்டது. இன்னின்ன சாதிக்குத்தான் வீரம் என்ற மனுவின் கணக்கை வெள்ளைக்காரன் தன் ரிஜிஸ்டரில் காப்பி எடுத்துக்கொண்டான். அதை மாற்ற அம்பேத்கர் விடாமல் கேட்டார். 1941இல்தான் மகர் ரெஜிமெண்ட் வந்தது.

இப்போது முக்கியமான ஒரு கட்டத்துக்கு வருகிறேன். 1931இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று ஒரு வரி இருந்தது. 1948 டிசம்பர் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இதை எடுத்துக்காட்டி, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமையாகச் சேர்க்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். எதிர்த்தவர் அம்பேத்கர். வெள்ளைக்காரன் ஆயுதத்தைப் பிடுங்கியிருந்த காலத்தில் எழுந்த கோரிக்கை அது, இப்போது நிலைமை வேறு என்றார். எல்லாருக்கும் உரிமை என்று எழுதிவிட்டால் அது போக்கிரிகளுக்கும் போய்ச் சேரும் என்றார். நாட்டுக்கு ஆபத்து வரும்போது ஆயுதம் எடுக்கும் கடமையைத்தான் வலியுறுத்த வேண்டும், தனியாளின் உரிமையை அல்ல என்றார். திருத்தம் விழுந்தது.

அம்பேத்கர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். மகத்தில் குளத்துத் தண்ணீர் எடுத்ததற்கு 1927இல் தடியடி பட்ட கூட்டத்தின் தலைவர் அவர். தற்காப்பு தெரியாதவர் அல்ல. என் வாசிப்பு இது: இந்த நாட்டில் 'எல்லாருக்கும் ஆயுத உரிமை' என்று எழுதினால் நிலமும் பணமும் இருக்கிறவன்தான் வாங்குவான். ஊருக்கு நூறு துப்பாக்கி வரும், சேரிக்கு நூறு குண்டு வரும். சமத்துவம் இல்லாத இடத்தில் சம உரிமை என்று கொடுக்கப்படும் ஆயுதம் இருக்கிற ஏற்றத்தாழ்வுக்குக் கூர் தீட்டும். கிராமத்தை வைத்து யோசிக்கிறவருக்குத்தான் இது தெரியும்.

ஆக, இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அல்ல, அனுமதி. உச்ச நீதிமன்றமும் 2023 பிப்ரவரியில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் பற்றிய விசாரணையில், அமெரிக்கா போல இங்கே அது அடிப்படை உரிமை இல்லை என்று சுட்டிக்காட்டியது. இப்போது நடப்பில் இருப்பது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். அதன் கீழ் 2016இல் புதிய விதிகள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்கக் கூடாது, முன்பு மூன்று. லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு. கொடுப்பவர் மாவட்டத்தில் கலெக்டர், சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனர். அதற்கு முன் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும்.

அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இரண்டாவது உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் போதுமான சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் லைசென்ஸை மறுக்கக் கூடாது என்கிறது அது. எனக்குப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. பேங்க்கில் கறவை மாட்டு லோனுக்குக்கூட 'என்ன சொத்து இருக்கு, யார் ஜாமீன்' என்று கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நான். துப்பாக்கிக்குச் சொத்து கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது!

ஆனால் சொத்து கேட்பதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. மனுவுக்குக் கட்டணம், லைசென்ஸுக்குக் கட்டணம், புதுப்பிக்கக் கட்டணம். 2016 விதிகளில் இவை முன்பைவிட ஏறின. துப்பாக்கியையும் குண்டையும் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்று வேண்டும். பூட்டிப் பத்திரமாக வைக்க இடம் வேண்டும். தொகுப்பு வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறவன் எந்த மூலையில் அந்தப் பெட்டியை வைப்பான்? பிறகு விலை. பெண்கள் பாதுகாப்புக்கு என்று சொல்லி 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு கைத்துப்பாக்கி கொண்டுவந்தது. விலை சுமார் 1,22,000 ரூபாய். தில்லியில் பஸ்ஸில் சிதைக்கப்பட்ட அந்தப் பெண்ணின் நினைவில் வைத்த பெயராம். தறிப்பட்டறையில் நூல் போடப் போகிற நம் தங்கச்சிக்கு இது எத்தனை வருஷத்துக் கூலி? வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிவால்வர், பிஸ்டலுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். துப்பாக்கிக்கு வரி போடுவதை நான் எதிர்க்கவில்லை, நன்றாகப் போடட்டும். வரியும் கட்டணமும் பணம் இருக்கிறவனைத் தடுக்காது, இல்லாதவனை மட்டும் தடுக்கும் என்பதை மறக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சட்டத்தில் இல்லாத உள்ளூர் வரிகளும் உண்டு. கேட்டால் கதை மாதிரி இருக்கும். பஞ்சாபில் பெரோஸ்பூர் மாவட்டத்தில் 2019இல் பத்து மரக்கன்று நட்டு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால்தான் துப்பாக்கி மனுவை எடுப்போம் என்றார் அதிகாரி. அதே வருஷம் குவாலியரில் மாட்டுக் கொட்டகைக்குப் பத்துக் கம்பளி கொடுக்கச் சொன்னார்கள். 2008இல் மத்தியப் பிரதேசம் சிவபுரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் லைசென்ஸ் சீக்கிரம் என்றார்கள். இதுவரை சிரிக்கலாம். அடுத்ததற்குச் சிரிக்க முடியாது. 2004இல் உத்தரப் பிரதேசத்தில் சில மாவட்டங்களில், இரண்டு பேரை ஆபரேஷனுக்குக் கொண்டுவந்தால் ஒரு துப்பாக்கி, ஐந்து பேரைக் கொண்டுவந்தால் ரிவால்வர் என்று ஒரு கணக்கு நடந்ததாகச் செய்தி வந்தது. பணக்கார விவசாயி தன்னிடம் வேலை செய்த ஐந்து கூலியாட்களை ஏமாற்றிக் கூட்டிப்போய்க் கத்தி வைத்துவிட்டார் என்று புகார். துப்பாக்கி அவருக்கு, அறுவை இவர்களுக்கு. கட்டைவிரல் கேட்ட அதே கணக்கு. ஆண்டையின் லைசென்ஸுக்கு வரி கட்டுவது அடிமையின் உடம்பு.

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பார்த்துவிட்டு வரலாம். கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து நாம் எவ்வளவோ எடுத்திருக்கிறோம். தலித் பேந்தர் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். அங்கே ஆயுதம் வைத்திருப்பது 1791 முதல் அரசியல் சட்டத் திருத்தத்தில் உள்ள உரிமை. அதனால் அங்கே சண்டை வேறு மாதிரி நடக்கிறது. சியாட்டில் நகரம் 2015இல் ஒரு துப்பாக்கிக்கு 25 டாலர், ஒரு குண்டுக்கு 2 சென்ட் அல்லது 5 சென்ட் என்று உள்ளூர் வரி போட்டது. துப்பாக்கிச் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2017இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்றது. சிகாகோ இருக்கிற குக் கவுண்டி போட்ட இதே மாதிரி வரியை 2021இல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கலிபோர்னியா 2024 ஜூலை முதல் 11 சதவீத வரி வசூலிக்கிறது. 'இது ஏழையின் உரிமைக்கு விலை வைப்பது' என்று துப்பாக்கிக்காரர்கள் வாதாடுகிறார்கள். ஏழை மேல் அவர்களுக்குத் திடீரென்று வந்த பாசத்தை வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அடிமைமுறை ஒழிந்த 1865இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பர் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதற்கு முன்னால் 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் அவர்கள் போகிற இடமெல்லாம் ஆயுதம் ஏந்திப் போகும் உரிமையும் வந்துவிடுமே என்று கவலைப்பட்டு எழுதினார். குடியுரிமையை மறுக்க அதையும் ஒரு காரணமாக வைத்தார். 1956இல் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். அகிம்சை பேசிய அந்த மனுஷன் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டார். மறுத்துவிட்டார்கள். 1966இல் ஓக்லாந்தில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். சட்டப்படி துப்பாக்கி ஏந்தி, கறுப்பர் தெருவில் போலீஸைக் கண்காணித்தார்கள். 1967 மே 2இல் சாக்ரமெண்டோ சட்டமன்றத்துக்குள்ளேயே துப்பாக்கியோடு போய் நின்றார்கள். அந்த வருஷமே, குண்டு போட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்திப் போவதைத் தடை செய்யும் முல்போர்ட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார் கவர்னர் ரொனால்டு ரீகன். வெள்ளையர் ஏந்தியபோது உரிமை, கறுப்பர் ஏந்தியதும் சட்டமே மாறிவிட்டது.

நம் ஊரிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. ராசிபுரத்தில் நின்று பார்த்தால் கொல்லிமலை தெரிகிறது. மலையாளிப் பழங்குடிகள் பன்றி விரட்டக் கையாளும் நாட்டுத் துப்பாக்கி எப்போதுமே 'கள்ளத் துப்பாக்கி'. கெடு வைத்து ஒப்படைக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் வழக்கு. நரிக்குறவர் தோளில் துப்பாக்கி இருந்தால் வேட்டைக்காரன். 2023இல்தான் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் தருமபுரியிலும் வட ஆற்காட்டிலும் நக்சலைட் வேட்டை என்ற பெயரில் என்ன நடந்தது என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் பதறுவது கோழைத்தனம் அல்ல, அனுபவம். சேரிக்காரன் கையில் துப்பாக்கி என்றால் அரசாங்கம் அதைத் தற்காப்பு என்று படிக்காது.

அப்படியானால் தம்பிகள் கேட்கிற கேள்வியை விட்டுவிடுவதா? இல்லை. அதற்குத்தான் வருகிறேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989. அதன் விதிகள் 1995 மார்ச் 31இல் வந்தன. கொடியங்குளத்தைப் போலீஸ் சூறையாடியது அதே வருஷம் ஆகஸ்ட் 31. ஐந்து மாதக் குழந்தை அப்போது அந்த விதி. அதில் 3ஆம் விதியை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நம் வக்கீல்களே எப்.ஐ.ஆர்., நிவாரணம், ஜாமீன் என்று கொடுமை நடந்த பிறகு வருகிற பிரிவுகளைத்தான் பேசுகிறார்கள். 3ஆம் விதி நடப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறது.

மாநில அரசு என்ன செய்ய வேண்டும்? முதலில், வன்கொடுமை நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள பகுதிகளை அடையாளம் காண வேண்டும். கலெக்டரும் எஸ்.பி.யும் அங்கே நேரில் போக வேண்டும். மூன்றாவதாக, தேவை என்று கருதினால், அந்தப் பகுதியில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸ்களை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசாங்க ஆயுதக் கிடங்கில் வைக்க வேண்டும். நான்காவதாக, சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். ஐந்தாவதாக, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக, தேவை என்று கருதினால், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத லைசென்ஸ் கொடுக்க வேண்டும்.

நானாகச் சொல்லவில்லை. இந்திய அரசாங்கம் அச்சிட்டு வெளியிட்ட விதி. மூன்றாவது கட்டளையை இன்னொரு தடவை பாருங்கள். லைசென்ஸ் வைத்திருக்கிறவர் மட்டும் அல்ல. அவருடைய நெருங்கிய உறவினர், வேலைக்காரர், சம்பளத்துக்கு இருப்பவர், குடும்ப நண்பர் வரை எழுதியிருக்கிறது. கிராமத்தை நன்றாகத் தெரிந்த யாரோ எழுதியிருக்கிறார்கள். ஆண்டை பேரில் ஒன்று, மச்சினன் பேரில் ஒன்று, தோட்டத்து ஆள் பேரில் ஒன்று என்று துப்பாக்கி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள்தான் இதை எழுத முடியும்.

இதை அமலாக்கச் சொன்னால் அதிகாரிகள் என்ன சொல்கிறார்கள்? 'அதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராதுங்க, லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க எல்லாம் பெரிய மனுஷங்க, சட்டம் ஒழுங்கு கெட்டுப்போயிடும்.' நான் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தேர்தல் வந்தால் என்ன செய்கிறீர்கள்? தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க உத்தரவு போகிறது. பேங்க் காவலர் மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. பெரிய மனுஷர்கள் எல்லாரும் மரியாதையாகக் கொண்டுவந்து வைத்து ரசீது வாங்கிக்கொண்டு போகிறார்கள். எந்த ஊரிலும் அதனால் சட்டம் ஒழுங்கு கெட்டதில்லை. பயிர் அழிந்தது என்று யாரும் சாகவும் இல்லை.

நம் வெண்ணந்தூர் ஒன்றியத்துப் போதமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோடு இல்லாத காலமெல்லாம் கீழூர், மேலூர், கெடமலைக்கு ஓட்டுப்பெட்டி தலைச்சுமையாக ஏறியது. பிரசவத்துக்குப் பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிவந்த அதே பாதையில் ஓட்டு மெஷினை அதிகாரிகள் சுமந்து போனார்கள். வேண்டும் என்று நினைத்தால் இந்த அரசாங்கத்தின் கை எந்த மலைக்கும் நீளும், எந்தச் சுவரில் தொங்குகிற துப்பாக்கியையும் இறக்கும். ஒரு ஓட்டைப் பாதுகாக்கச் செய்கிற வேலையை அந்த ஓட்டுப் போடுகிறவனின் உயிரைப் பாதுகாக்க ஏன் செய்யக் கூடாது? தேர்தல் கமிஷன் சொன்னால் இறங்குகிற துப்பாக்கி வன்கொடுமை விதி சொன்னால் ஏன் இறங்குவதில்லை? இந்தக் கேள்விக்கு எந்தக் கலெக்டராலும் 'நடைமுறைச் சிக்கல்' என்று பதில் சொல்ல முடியாது. சாதி என்ற ஒரே பதில்தான் மிச்சம்.

ஆகவே என் கருத்து இது. ஐந்தாவது கட்டளையை முதலில் பிடிக்க வேண்டாம். மூன்றாவதைப் பிடிப்போம். எங்களுக்குத் துப்பாக்கி கொடு என்பதற்கு முன்னால், அவர்களிடம் உள்ளதை இறக்கு என்போம். நம் கையிலும் ஒன்று வந்தால் பயம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். லைசென்ஸ் துப்பாக்கியோடு ஒருத்தன் சேரியில் இருந்தால், அடுத்த நாளே அதைக் காரணம் காட்டி நூறு போலீஸ் உள்ளே வரும். கருஞ்சிறுத்தைகளுக்கு நடந்தது நமக்கும் நடக்கும். அதுபோக, துப்பாக்கி வந்த வீட்டில் அது யாரை முதலில் பயமுறுத்தும்? குடித்துவிட்டு வருகிறவன் வீட்டில் அவன் பெண்டாட்டியை. இதையும் நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

அதற்காக ஐந்தாவது கட்டளை நமக்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவும் மாட்டோம். மிரட்டப்படுகிற ஊராட்சித் தலைவர், கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவர், சாதி மறுத்துக் கல்யாணம் பண்ணி ஊருக்குள் தனியாக இருக்கிறவர்கள், இவர்களுக்குப் போலீஸ் பாதுகாப்பும் கொடுக்காமல் லைசென்ஸும் மறுத்தால், எழுத்தில் காரணம் கேட்போம். சொத்து இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிற 14ஆம் பிரிவைக் காட்டுவோம். அந்தச் சட்டத்திலேயே 18ஆம் பிரிவில் அப்பீல் இருக்கிறது, போவோம். தற்காப்பு உரிமை பழைய பீனல் கோடில் இருந்தது, 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளிலும் இருக்கிறது. அந்த உரிமைக்கு லைசென்ஸ் தேவையில்லை, சாதி சர்டிபிகேட்டும் தேவையில்லை.

வேலை என்ன என்று கேட்பீர்கள். மூன்று வேலை.

ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு. நாமக்கல் மாவட்டத்தில் நடப்பில் உள்ள துப்பாக்கி லைசென்ஸ் எத்தனை? பயிர்ப் பாதுகாப்புக்கு எத்தனை, தற்காப்புக்கு எத்தனை? தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பெற்றவை எத்தனை, கேட்டு மறுக்கப்பட்டவை எத்தனை? யார் பெயரும் நமக்கு வேண்டாம், எண்ணிக்கை போதும். சேலத்துத் தோழர்கள் சேலத்துக்கும் போடட்டும்.

இரண்டு, அதே மனுவில் அடுத்த கேள்வி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் காணப்பட்ட கிராமங்கள் எவை? மாவட்டம் உருவான 1997 ஜனவரி 1 முதல் இன்று வரை அந்தக் கிராமங்களில் 3ஆம் விதியின் கீழ் ரத்து செய்த லைசென்ஸ் எத்தனை, கிடங்கில் வைத்த துப்பாக்கி எத்தனை? 'தகவல் இல்லை' என்று பதில் வந்தால் அதுவும் தகவல்தான். அதை வைத்து உயர் நீதிமன்றம் போகலாம்.

மூன்று, விதி 17இன்படி கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையில் மாநிலக் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை கூட வேண்டும். மாவட்டக் குழுவில் நம் ஆட்களும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போய் டீ, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருகிறவர்களிடம் நாம் போய் உட்கார வேண்டும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 3ஆம் விதியின் மூன்றாவது கட்டளை முதல் பொருளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று குறிப்பேட்டில் பதிவாக வேண்டும்.

மனு எழுத எழுத்து தெரிந்த பத்துப் பேர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். கட்டணம் பத்து ரூபாய். துப்பாக்கிக்குக் கட்டுகிற கட்டணத்தை ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வர்ற திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள். காலையில பத்து மணிக்கு நாமக்கல் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல இருக்கலாம். யாரு யாரு வர்றீங்கன்னு கூட்டம் முடிஞ்சதும் பேர் குடுத்துட்டுப் போங்க.

வணக்கம். ஜெய்பீம்.